பயிர் வரலாறு – 12: வேர் விடுத்த தூது

சென்ற இதழில், 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டி வதைத்து, மக்கள் நாவில் 'தாது வருஷத்துப் பஞ்சம்' என்று நிலைபெற்றுவிட்ட அந்தப் பெருங்கேட்டின் வரலாற்றைக் கண்டோம். அப்பஞ்சத்தில் மனிதர் பட்ட பாடு ஏடுகளில் எழுதப்பட்டிருக்கிறது. கஞ்சித் தொட்டிகளின் கணக்கும், நிவாரண வேலைகளின் கூலிக் கணக்கும், 1880ஆம் ஆண்டின் பஞ்ச விசாரணைக் குழு வெளியிட்ட அறிக்கையும் இன்றும் படிக்கக் கிடைக்கின்றன. ஆனால் மாந்தர் வானத்தை அண்ணாந்து பார்த்து நின்ற அந்நாட்களில், காலடியில் நின்ற பயிர் என்ன உணர்ந்தது, உணர்ந்து என்ன செய்தது என்னும் கேள்வியை அந்த ஏடுகளில் காண முடியாது. பயிர் வாடும், பிறகு கருகும் என்பதற்கு மேல் அதில் விசாரிக்க ஏதும் இருப்பதாக அக்காலத்து அதிகாரிகளுக்குத் தோன்றவில்லை. அந்தக் கேள்வி எழுந்து, அதற்கு ஒருவாறு விடை கிடைத்த வரலாறே இவ்வத்தியாயம்.

கண்ணமங்கலத்துக்கும் போளூருக்கும் இடையே, ஜவ்வாது மலையின் கீழ்ச்சரிவை ஒட்டி அமைந்திருக்கும் சந்தவாசலில் நின்று இக்கதையைத் தொடங்குவது பொருத்தமாக இருக்கும். இங்கிருந்து சிறிது தொலைவு மேற்கே சென்றால், பதினான்காம் நூற்றாண்டில் சம்புவராய மன்னர்கள் தலைநகராகக் கொண்டிருந்த படைவீடு. அதற்கு அப்பால் மலை. அம்மலையில் பிறக்கும் கமண்டல நாகநதியும் செய்யாறும் மழைக்காலத்தில் பொங்கி ஓடி, கோடையில் மணற்பரப்பாகக் கிடப்பவை. கீழே, ஏரியையும் கிணற்றையும் நம்பி நெல்லும் வாழையும் கரும்பும். அதை அடுத்த மேட்டு நிலத்தில், மழையை மட்டும் நம்பி இவ்வட்டாரத்தார் மல்லாட்டை என்று அழைக்கும் நிலக்கடலை. மலையேறிவிட்டால், மலையாளி என்னும் பழங்குடி மக்கள் கல்லும் மண்ணும் கலந்த சரிவுகளில் தலைமுறை தலைமுறையாக விதைத்து வரும் சாமை. தண்ணீர் மிகுந்த பயிர், தண்ணீர் குறைந்த பயிர், தண்ணீரைத் தேடவே முடியாத இடத்துப் பயிர் என மூன்றையும் அரை நாள் நடையில் கண்டுவிடக்கூடிய இடம் இது. ஊரின் பெயரிலேயே வாசல் இருக்கிறது. நாம் சொல்லப் புகுந்த சரித்திரமும் கண்ணுக்குப் புலப்படாத கோடிக்கணக்கான வாசல்களைப் பற்றியதே.

ஆடி மாதத்தில் மழை பத்து நாள் தள்ளிப்போனால், நடுப்பகலில் மேட்டு நிலத்து மல்லாட்டைக் கொல்லையைப் பாருங்கள். காலையில் விரிந்து கிடந்த சிற்றிலைகள், உச்சி வெயிலில் கைகூப்பியதுபோல் ஒன்றோடொன்று சேர்ந்து, தம் அகலத்தைச் சூரியனுக்குக் காட்டாமல் விளிம்பை மட்டும் காட்டி நிற்கும். சாமையும் கேழ்வரகும் நெல்லும் இலையைக் குழல்போல் சுருட்டிக்கொள்ளும். மதியம் சுருண்ட பயிர் பொழுது சாய விரிந்தால் கவலையில்லை, விடியற்காலையிலும் சுருண்டே கிடந்தால் இனிப் பொறுக்காது என்பது உழவர்கள் அனைவரும் அறிந்த பரீட்சை. பயிர் வாடுகிறது என்று நாம் சொல்லும் அந்நேரத்தில், அது வாளாவிருக்கவில்லை. கையிருப்பைக் கணக்குப் பார்த்து, செலவைச் சுருக்கிக்கொண்டிருக்கிறது. செட்டாகக் குடும்பம் நடத்தும் ஒருத்தி, நெற்குதிர் காலியான பின் அல்ல, குறையத் தொடங்கியதுமே உலையில் போடும் அரிசியைக் குறைப்பதைப்போல.

இந்த உணர்வு செடிக்கு உண்டு என்று முதலில் சொன்னவர் யார்? கிரேக்க ஞானியான அரிஸ்டாட்டில், தாவரத்துக்கு உண்டு வளரும் உயிர் மட்டுமே உண்டு, தொடுவுணர்ச்சி விலங்கிலிருந்துதான் தொடங்குகிறது என்று வகுத்தார். நம் தொல்காப்பியத்தின் மரபியலோ, உயிர்களை ஓரறிவு முதல் ஆறறிவு வரை வரிசைப்படுத்தும்போது, புல்லையும் மரத்தையும் ஓரறிவுடைய உயிர்களாக வைத்து, அந்த ஓரறிவு ஊற்றுணர்வே என்று நிறுத்தியது. இதைக்கொண்டு நவீன விஞ்ஞானம் முழுவதும் நம் முன்னோர் அறிந்தது என்று சாதிப்பது உண்மைக்கும் முன்னோருக்கும் செய்யும் அபசாரமாகும். ஆயினும் செடி உணரும் என்னும் சிந்தனை தமிழர்க்கு அந்நியமானதன்று என்பதை நினைவிற்கொள்வது நியாயமே.

வாசல்களின் கணக்கு

சிந்தனை வேறு, நிரூபணம் வேறு. நிரூபணத்தின் பாதையில் முதலடி எடுத்து வைத்தவர் ஸ்டீபன் ஹேல்ஸ் என்ற ஆங்கிலப் பாதிரியார். அவர் தொட்டியில் வளர்ந்த ஒரு சூரியகாந்திச் செடியை எடுத்து, மண்ணிலிருந்து நீராவி போகாதபடி தொட்டியின் வாயை ஈயத் தகட்டால் மூடி, காலையும் மாலையும் விடாமல் நிறுத்துப் பார்த்தார். பகல் பன்னிரண்டு மணி நேரத்தில் அச்செடி சராசரியாக ஒன்றேகால் பவுண்டு நீரைக் காற்றில் விட்டுவிடுகிறது என்று கண்டு, 1727இல் வெளியிட்ட நூலில் எழுதினார். செடியின் நீர்ச்செலவுக்கு மனிதன் எழுதிய முதல் பற்று வரவு அது.

அத்தனை நீரும் எவ்வழியாகப் போகிறது? இலையின் தோலில், பூதக்கண்ணாடிக்கும் எளிதில் அகப்படாத நுண்துளைகள் உள்ளன. ஒவ்வொரு துளையையும் இரண்டு காப்புச் செல்கள் இரு உதடுகள்போல் சூழ்ந்திருக்கும். அவற்றில் நீர் நிரம்பினால் அவை புடைத்து வளைந்து துளை திறக்கும். நீர் வடிந்தால் தளர்ந்து துளை மூடும். இங்கேதான் தாவர வாழ்வின் தர்மசங்கடம் இருக்கிறது. கரியமில வாயு உள்ளே வருவதும் நீராவி வெளியே போவதும் ஒரே வாசல் வழியாகத்தான். திறந்து வைத்தால் ஆகாரம் சமைக்கலாம், ஆனால் தண்ணீர் போகும். மூடி வைத்தால் தண்ணீர் மிஞ்சும், ஆனால் அடுப்பு அணையும். நீராவி போவதால் கிடைத்த குளிர்ச்சியும் நின்று, இலை வெதும்பவும் தொடங்கும். எப்போது திறப்பது, எப்போது மூடுவது, எவ்வளவு மூடுவது என்பதே செடி நாளெல்லாம் செய்துகொண்டிருக்கும் தீர்மானம். பரிணாமக் கொள்கையை நிறுவிய சார்லஸ் டார்வினின் புதல்வர் பிரான்சிஸ் டார்வின், ஈரத்துக்கேற்பச் சுருளும் மெல்லிய கொம்புத் தகடு ஒன்றையே கருவியாகக் கொண்டு, இத்துளைகள் பொழுதுக்கும் வாட்டத்துக்கும் ஏற்பத் திறந்து மூடுவதை ஆராய்ந்து, 1898இல் வெளியிட்டார். தந்தையாரும், 1880இல் வெளியான தம் நூலில், வேரின் நுனி சுற்றுப்புறத்தை உணர்ந்து மற்றப் பகுதிகளின் இயக்கத்தை நடத்துவது ஒரு சிறு பிராணியின் மூளையை ஒத்திருக்கிறது என்று எழுதியிருந்தார்.

வேர் உணர்கிறது, இலை செய்கிறது. இரண்டுக்கும் நடுவே தூது போவது எது?

ஜகதீச சந்திர வசுவின் வழக்கு

இக்கேள்விக்கு முதல் துணிவான விடையைச் சொன்னவர் ஓர் இந்தியர். கல்கத்தா பிரசிடென்சிக் கல்லூரியில் பௌதிகப் பேராசிரியராக இருந்து, மின்னலைகளைப் பற்றிய ஆராய்ச்சியில் புகழ் பெற்றிருந்த ஜகதீச சந்திர வசு, 1901 மே 10ஆம் நாள் லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில், உலோகமும் செடியும் தசையும் தூண்டுதலுக்கு மின்விடை தருவதைக் கருவிகளோடு பிரத்தியட்சமாகக் காட்டினார். அடுத்த மாதம் ராயல் சொசைட்டியில், 1873இலேயே பூச்சியுண்ணும் செடியின் மின்துடிப்பை அளந்து புகழ்பெற்றிருந்த பர்டன் சாண்டர்சன் எழுந்து, சாதாரணச் செடிகளும் மின்விடை தருகின்றன என்னும் கூற்றை ஏற்க மறுத்தார். வசு அங்கே அளித்த கட்டுரையை அச்சபை ஒதுக்கி வைத்தது. வசு பின்வாங்கவில்லை, மறு ஆண்டு லின்னேயன் சொசைட்டியில் தம் சோதனைகளை மீண்டும் நடத்திக் காட்டினார். தொட்டாற்சுருங்கியையும் தொழுகண்ணியையும் சாட்சிக்கு அழைத்த அவர், முள்ளங்கியையும் கேரட்டையும் அதே கூண்டில் ஏற்றினார். செடியின் வளர்ச்சியைப் பதினாயிரம் மடங்கு பெருக்கிக் காட்டும் கிரெஸ்கோகிராப் என்னும் கருவியை இயற்றி, குளிரும் வெப்பமும் நஞ்சும் பட்டவுடன் வளர்ச்சியின் வேகம் மாறுவதைக் கண்முன் எழுதிக் காட்டினார். 1917 நவம்பர் 30ஆம் நாள், தம் ஐம்பத்தொன்பதாவது பிறந்த நாளில், கல்கத்தாவில் தம் பெயரால் ஆராய்ச்சி நிலையத்தையும் நிறுவினார்.

வசு சொன்னவை அனைத்தும் நின்றுவிடவில்லை. செடிக்கு விலங்கைப் போன்ற நரம்பு உண்டு என்று அவர் தம் முடிவுகளை விரித்தபோது, எதிர்த்தவர்களுக்குக் காரணம் இருந்தது. நரம்பு செடியில் இல்லை. ஆனால் செடியின் ஓரிடத்தில் பட்டது மற்றோரிடத்துக்கு மின்துடிப்பாகச் செல்கிறது என்ற அவருடைய மூலக்கூற்று சத்தியமாகவே நின்றது. அதைக் கண்ணால் காண உலகம் 2018ஆம் ஆண்டு வரை காத்திருந்தது. அவ்வாண்டு மசாட்சுகு டொயோட்டாவும் சைமன் கில்ராயும் அவர்தம் கூட்டாளிகளும், மின்துடிப்போடு இணைந்து எழும் கால்சியம் மிகுந்தால் ஒளிரும்படி செய்யப்பட்ட ஒரு சிறு பூண்டின் இலையைப் புழு கடித்தபோது, கடிபட்ட இடத்திலிருந்து ஓர் ஒளியலை கிளம்பி, ஓரிரு நிமிஷங்களில் தொலைவிலிருந்த மற்ற இலைகளை அடைவதைப் படமெடுத்துக் காட்டினர். கடிபடாத இலையும் அடுத்த கடிக்கு ஆயத்தமாயிற்று. வசுவின் வழக்குக்கு அதுவே தீர்ப்பு.

வாட்டத்தின் அமிலம்

மின்துடிப்பு விரைந்து போகும் தூதன். ஆனால் மண் காய்வதோ நாட்கணக்கில் நடப்பது. அதற்கு மெல்லச் சென்று, தங்கிச் செயல்புரியும் வேறொரு தூதன் வேண்டும். அவன் அகப்பட்டது எதிர்பாராத இடத்தில். 1960களின் தொடக்கத்தில், கலிபோர்னியாவில் பருத்திக்காய்கள் முதிராமலே உதிர்வது ஏன் என்று பிரெடரிக் அடிகாட் என்பவர் குழுவினர் ஆராய்ந்து, உதிர்வைத் தூண்டும் ஒரு பொருளைப் பிரித்தெடுத்தனர். அதே காலத்தில் வேல்ஸ் நாட்டில் பிலிப் வேரிங் என்பவர், குளிர்காலத்தில் மரத்தின் மொட்டுகளை உறங்க வைக்கும் பொருளைத் தேடினார். இரண்டும் ஒன்றே என்பது 1965இல் தெளிவாயிற்று. அப்சிசிக் அமிலம் என்று பெயரிட்டார்கள். உதிர்ப்பது என்னும் பொருள்பட அமைந்த பெயர். உதிர்ப்பது அதன் முக்கிய உத்தியோகமே அன்று என்பது பின்னர் தெரிந்தது; ஆனால் பெயர் நிலைத்துவிட்டது.

அதன் மெய்யான தொழிலைக் காட்டியது 1969இல் ரைட், ஹைரன் என்னும் இருவர் இங்கிலாந்தில் செய்த எளிய சோதனை. கோதுமை இலைகளைப் பறித்துச் சற்றே வாடவிட்டார்கள். சில மணி நேரத்தில் அவ்விலைகளில் இந்த அமிலம் பன்மடங்கு பெருகியிருந்தது. அடுத்த சான்று இஸ்ரேலிலிருந்து வந்தது. தண்ணீர் தாராளமாக இருந்தும் எப்போதும் வாடியே கிடக்கும் பிறவிக் குறையுடைய ஒரு தக்காளி வகை அங்கே மோஷே தாலின் ஆய்வில் இருந்தது. அதன் இலைத்துளைகள் மூடவே அறியாதவை. 1970இல் அச்செடியின் மீது அப்சிசிக் அமிலக் கரைசலைத் தெளித்தபோது, துளைகள் மூடின. வாடிக் கிடந்த செடி நிமிர்ந்து நின்றது. தாகத்தால் வாடுவதும், தாகத்தைச் சொல்லும் சொல் இல்லாமல் வாடுவதும் வேறு வேறு என்பதை அச்செடி உலகுக்கு உணர்த்தியது.

இனி வேரின் பங்கு. 1980களில் லங்காஸ்டர் பல்கலைக்கழகத்தில் வில்லியம் டேவீஸ் என்பவரும் அவர் துணைவரும் செய்த சோதனைகளைப்போல் அழகியவை விஞ்ஞானத்தில் மிகச் சிலவே. ஒரு செடியின் வேரை இரண்டாகப் பகுத்து, இரு தொட்டிகளில் இறக்கினார்கள். ஒரு தொட்டிக்கு நீர் ஊற்றி, மற்றதைக் காயவிட்டார்கள். நனைந்த பாதி வேர் செடிக்கு வேண்டிய நீர் முழுவதையும் தந்ததால் இலையில் குறைவே இல்லை. ஆயினும் இலையின் துளைகள் சுருங்கின, வளர்ச்சி தணிந்தது. தண்ணீர் குறைந்ததனால் அன்று, தண்ணீர் குறையப் போகிறது என்னும் செய்தி வந்ததனால்! 1990இல் ஆப்பிள் நாற்றுகளில் இதை மேலும் ஒரு படி கொண்டு சென்றார்கள். காய்ந்த தொட்டியிலிருந்த வேரை அறுத்தெறிந்தார்கள். ஒரு பாதி வேரை இழந்த செடி தளர வேண்டும் அல்லவா? அதன் இலைகள் மீண்டும் நன்றாக வளரத் தொடங்கின. அபாயச் செய்தி சொல்லும் வாய் அடைக்கப்பட்டதும், செடி கவலையின்றி வளர்ந்தது.

உழவர்க்கு இதில் உடனடியான பயன் ஒன்று உண்டு. வேரின் ஒரு பக்கத்தை நனைத்து மறு பக்கத்தைக் காயவிட்டு, அடுத்த பாய்ச்சலில் பக்கத்தை மாற்றினால், நனைந்த பக்கம் பயிரைக் காக்கும். காய்ந்த பக்கம் செட்டாயிரு என்று எச்சரிக்கும். ஆஸ்திரேலியாவின் திராட்சைத் தோட்டங்களில் இது முறையாகக் கையாளப்பட்டது. கிணற்று நீர் அடிமட்டத்துக்குப் போய்விட்ட கரும்புக் கொல்லையில் ஒரு சால் விட்டு ஒரு சால் பாய்ச்சும் வழக்கத்துக்குப் பின்னாலும் இந்தச் சாஸ்திரமே நிற்கிறது.

செல்லுக்குள் நடப்பது

தூதன் வந்துவிட்டான், செய்தியைக் கேட்டவர் யார்? இது செல்லின் உள்ளே நடக்கும் கதை. சற்றுப் பொறுமையோடு படிக்க வேண்டுகிறேன்.

ஒவ்வொரு செல்லும் தன்னுள்ளே கட்டுறாத கால்சியத்தை, அதாவது சுண்ணாம்புச் சத்தை, வெளியே உள்ளதில் ஏறத்தாழப் பதினாயிரத்தில் ஒரு பங்காகக் குறைத்து வைத்திருக்கிறது. அமைதியான ஓர் அறையில் குண்டூசி விழுந்தாலும் கேட்கும். அதுபோல், இத்தனை குறைவாக வைத்திருப்பதனால்தான் சிறிது கால்சியம் உள்ளே புகுந்தாலும் அது பெருஞ்செய்தியாகிறது. 1991இல் எடின்பரோவில் மார்க் நைட், அந்தோணி டிரவாவாஸ் முதலானோர், கடலில் வாழும் ஒருவகைச் சொறிமீனிலிருந்து ஒசாமு ஷிமோமுரா 1962இல் பிரித்தெடுத்த ஒளிரும் புரதத்தின் மரபணுவைப் புகையிலைச் செடியில் சேர்த்தனர். அந்தச் செடியைத் தொட்டால், குளிர்நீர் பட்டால், கணப்பொழுதில் அது மங்கிய நீல ஒளி வீசியது. தொடுதலும் குளிரும் கால்சியமாக மாறி உள்ளே நுழைவதை மனிதன் முதல் முறையாகக் கண்டான். வறட்சியால் செல்லைச் சூழ்ந்த நீர் செறிவடையும்போது கால்சியத்துக்குக் கதவு திறந்துவிடும் புரதம் ஒன்றும் 2014இல் அடையாளம் காணப்பட்டது.

அப்சிசிக் அமிலத்தைக் கேட்கும் செவி எது என்பதோ நெடுங்காலம் புதிராக இருந்தது. ஒருவர் கண்டேன் என்பதும் மற்றவர் மறுப்பதுமாகப் பல ஆண்டுகள் கழிந்தன. 2009இல், கலிபோர்னியாவில் ஷான் கட்லர் குழுவும் மூனிக்கில் எர்வின் கிரில் குழுவும் தனித்தனியே அதைக் கண்டுபிடித்தன. அதுவரை அகப்படாததற்குக் காரணம் எளியது: சோதனைச் சாலைப் பூண்டாகிய அராபிடோப்சிஸில் அந்தச் செவி ஒன்றல்ல, பதினான்கு, ஒன்றைச் செவிடாக்கினால் மற்றவை கேட்டுக்கொண்டன. அவற்றுள் சிலவற்றை மட்டும் தொடும் செயற்கைப் பொருள் ஒன்றைக் கொண்டே கட்லர் அதைப் பிடித்தார். உயிரைக் காக்கும் செய்தியை ஒரே காதில் நம்பி விடக்கூடாது என்று இயற்கை முன்னெச்சரிக்கையாக இருந்திருக்கிறது.

இப்போது சங்கிலி முழுவதும் கைக்கு வந்தது. காப்புச் செல்லுக்குள் ஓர் ஏவலாள் இருக்கிறான். அவன் கையை ஒரு காவலாள் எந்நேரமும் பிடித்து வைத்திருக்கிறான். அமிலம் வந்து செவியில் அமர்ந்ததும், அந்தச் செவிப்புரதம் உருமாறிக் காவலாளைப் பற்றிக்கொள்கிறது. விடுபட்ட ஏவலாள் சென்று, செல்லின் சவ்விலுள்ள மடையைத் திறக்கிறான். உப்புகள் வெளியேறுகின்றன; உப்பைத் தொடர்ந்து நீர் வெளியேறுகிறது; புடைத்திருந்த இரு உதடுகளும் தளர்கின்றன; வாசல் மூடுகிறது. இது நடப்பதற்குச் சில நிமிஷங்களே செல்லும். அதே செய்தி மரபணுக்களையும் எட்டி, வேரை ஆழத்துக்கு ஏவுவதும், செல்லின் புரதங்கள் காய்ந்து கெடாமல் காக்கும் பொருள்களைச் செய்விப்பதுமான நீண்ட காரியங்களையும் தொடங்கி வைக்கிறது. 2018இல் ஜப்பானில், வறண்ட வேரிலிருந்து இலைக்குச் சென்று அங்கே இவ்வமிலத்தைச் சுரக்கும்படி சொல்லும் ஒரு சிறு புரதத் துணுக்கும் கண்டுபிடிக்கப்பட்டது. வேர் விடுத்த தூதுக்குப் பெயரும் முகவரியும் கிடைத்த ஆண்டு அது.

ஒரே செய்தி, இரண்டு தீர்மானங்கள்

ஆனால் செய்தி கேட்பது மட்டும் போதாது. கேட்டபின் எடுக்கும் தீர்மானமே பயிருக்குப் பயிர் வேறுபடுகிறது. இதை விளக்க வறட்சியின் மறுமுனையாகிய வெள்ளத்தைப் பாருங்கள். நீரில் மூழ்கிய நெல்லில் எதிலீன் என்னும் வாயு தேங்குகிறது. மூழ்கிவிட்டாய் என்பதே அதன் செய்தி. சாதாரண நெல் அதைக் கேட்டதும் பதறி, நீர்மட்டத்துக்கு மேல் தலைநீட்டக் கையிருப்பு முழுவதையும் செலவிட்டு, வெள்ளம் வடியுமுன் ஓய்ந்து விழும். ஒடிசாவின் எப்.ஆர். 13ஏ என்னும் பழைய நெல்லோ, அதே செய்தியைக் கேட்டு, வளர்ச்சியை நிறுத்தி, மாவுச்சத்தைச் சேமித்து, இரண்டு வாரம் வரை நீருக்கடியில் மூச்சடக்கிக் கிடந்து, வெள்ளம் வடிந்ததும் எழுந்து நிற்கும். அந்தத் தீர்மானத்தைத் தரும் மரபணு 2006இல் கண்டறியப்பட்டு, 2009இல் சுவர்ணா சப்-1 என்னும் நெல்லாக இந்திய வயல்களுக்கு வந்தது. நம் காவிரிச் சமவெளி சாவித்திரி என்று அறிந்த சி.ஆர். 1009 நெல்லிலும் பின்னர் சேர்க்கப்பட்டது.

செலவழிப்பதா, செட்டாயிருப்பதா? எல்லாப் பயிரும் எல்லாத் துன்பத்திலும் இந்த ஒரே கேள்வியைத்தான் கேட்டுக்கொள்கின்றன. செட்டுக்கு விலை உண்டு என்பதை மறத்தலாகாது. வாசலை விரைவில் மூடும் பயிர் உயிர் பிழைக்கும், ஆனால் களத்துக்குக் குறைவாகவே தானியம் கொண்டு வரும். தாமதித்து மூடும் பயிர், மழை வந்தால் மிகுதியாக விளையும். வராவிட்டால் வைக்கோலும் மிஞ்சாது. ஒரே மரபணுவைச் செருகி வறட்சியை வென்றுவிடலாம் என்று வெளியான அறிவிப்புகளில் பல வயலில் பலிக்காமற்போனதற்குக் காரணம் இதுவே.

இனி, சந்தவாசலுக்கு மேலுள்ள மலைச்சரிவுக்குத் திரும்புவோம். சாமை அங்கே நிற்பது தற்செயலன்று. அது மூன்று வகையில் செட்டான பயிர். கரும்பில் 1966இல் ஹாச், ஸ்லாக் என்னும் இருவர் விளக்கிய விசேஷ முறையில் கரியமில வாயுவைச் சேமித்துச் செறிவூட்டிக்கொள்வதால், அதற்கு வாசலை அகலத் திறக்க வேண்டிய அவசியமில்லை. ஒரு கிலோ உலர்பொருள் சேர்க்க நெல் செலவிடும் நீரில் ஏறத்தாழப் பாதி அதற்குப் போதும். ஏறக்குறைய மூன்று மாதத்தில் காரியத்தை முடித்துக்கொள்வதால், பின்மழை பொய்க்குமுன் களத்துக்கு வந்துவிடுகிறது. மண்ணின் சொல்லைக் காலம் தவறாமல் கேட்டு அடங்குவதால், இடையில் வரும் வறட்சியைக் கடக்கிறது. அந்தக் குணங்களை எந்தச் சோதனைச் சாலையும் அதற்குக் கொடுக்கவில்லை. மழை தவறிய ஆண்டுகளிலும் மணி பிடித்த கதிரையே மறு ஆண்டுக்கு விதையாக எடுத்து வைத்த மலைவாழ் மக்களின் கைகள் கொடுத்தன.

படித்தவர்களின் கைகள் அதனிடம் வந்து சேரத் தாமதமாயிற்று. 1868இல் சைதாப்பேட்டையில் தொடங்கி 1906இல் கோயம்புத்தூருக்குச் சென்ற நம் வேளாண் கல்வியின் முதற்கவனம் நெல்லிலும் கரும்பிலும் பருத்தியிலும் இருந்தது. கரும்பிலேயே, சி. ஏ. பார்பரும் தி. சு. வெங்கடராமனும் நாணற்புல்லின் உறுதியைக் கலந்து கோ. 205 என்னும் வகையை உருவாக்கி, காட்டுப்புல்லின் சகிப்புத்தன்மை ஒரு செல்வம் என்று காட்டினார்கள். 1923இல் கோயம்புத்தூரில் தொடங்கிய சிறுதானிய நிலையத்தில் ஜி. என். ரங்கசுவாமி ஐயங்கார் இவ்வினங்களுக்காக உழைத்தார். நம் காலத்தில், திருவண்ணாமலையை அடுத்த அத்தியந்தலில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் சிறுதானிய மகத்துவ மையம், ஏ.டி.எல். 1 என்னும் சாமை வகையை 2019இல் வெளியிட்டது. தினையின் மரபணுத் தொகுதி 2012இலும் கேழ்வரகினது 2017இலும் படிக்கப்பட்டன. உலக நாடுகள் 2023ஐச் சிறுதானிய ஆண்டாகக் கொண்டாடின. தாமதம்தான், ஆயினும் வரவேற்கத்தக்கது.

ஒன்றை மட்டும் வாசகர்களிடம் வற்புறுத்திச் சொல்ல விரும்புகிறேன். மேட்டு நிலத்துக்குப் பள்ளத்துப் பயிரைக் கொண்டுபோய், அது வாடும்போது வானத்தை நோவது அறியாமையாகும். விளைச்சல் என்பது ஒரே அளவுகோலால் அளக்கக்கூடியதன்று. நீருள்ள வயலில் தாராளமாகச் செலவழிக்கும் பயிரே உத்தமம், நீரற்ற சரிவில் செட்டாகப் பிழைக்கும் பயிரே உத்தமம். இரண்டு விதைகளும் நம் நாட்டுக்கு வேண்டும். குளிர்ப்பெட்டியில் வைத்த விதை உறங்கிக் கிடக்கும். ஆண்டுதோறும் விதைத்த விதையே மாறிவரும் மழையையும் வெயிலையும் கற்றுக்கொள்ளும். ஆகவே, மலைச்சரிவில் நிலமுள்ளவர்கள் ஒரு மூலையையாவது சாமைக்கு விடுங்கள். சமவெளியில் இருப்பவர்கள் அதை நியாயமான விலை கொடுத்து வாங்கி உண்ணுங்கள். விதைப்பவனும் உண்பவனும் கைவிட்ட பயிரை எந்தச் சாஸ்திரமும் காப்பாற்றாது.

(தொடரும்)